மொட்டைமாடியில் கேட்காமல் விட்ட கேள்வி

போன ஞாயிறு எங்கள் தெருவில் ஆடிக்கூழ் வசூல் பேசக் கூடினோம். அங்கே நடந்ததை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் இரண்டு லட்சம் போன கதையைச் சொல்லியாக வேண்டும். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு சின்னது. ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அகலம். யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் மாவு அரைத்து விற்கும் அக்காவுக்குத் தங்கை மகன் ஒருவன். சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டு டிவியில்தான் கிரிக்கெட் பார்ப்பான். சில வருஷங்களுக்கு முன் அவன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஒரு திட்டத்தோடு வந்தான். லட்ச ரூபாய் போட்டால் மாசம் பத்தாயிரம். எப்போது கேட்டாலும் முதல் திரும்பக் கிடைக்கும்.

மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். வாடகை நாற்காலி, ஃபிளாஸ்க்கில் டீ, பேப்பர் தட்டில் சமோசா. முப்பது பேர் இருப்போம். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். மாசம் பத்து என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பணம் எந்தத் தொழிலில் போய் இப்படிக் குட்டி போடுகிறது? இதுதான் கேள்வி. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எழுந்திருக்கக்கூடப் பார்த்தேன். எதிரே அந்த அக்கா. தங்கச்சி பையன் மைக் பிடித்துப் பேசுவதை அப்படி ஒரு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, “சாப்டுபா, ஆறிடப் போவுது” என்றார்.

சாப்பிட்டேன்.

அப்புறம் சுற்றிலும் பார்த்தேன். துறைமுகத்தில் ரிட்டயர் ஆன பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார். மாடி வீட்டு டீச்சர் தலையாட்டுகிறார். பத்தாவது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற டீச்சரே தலையாட்டினால் வேறென்ன வேண்டும்? மறுவாரம் மனைவியின் செயினை வைத்து, சேமிப்பையும் போட்டு, இரண்டு லட்சம் கட்டினேன். ஐந்து மாசம் தேதி தவறாமல் வந்தது. வாங்கினவர்கள் புது ஃபிரிட்ஜ் இறக்கினார்கள். ஃபிரிட்ஜைப் பார்த்தவர்கள் பணம் கட்டினார்கள். பின்னால் கட்டியவர்கள் பணத்தைத்தான் முன்னால் கட்டியவர்களுக்கு வட்டி என்று கொடுத்திருக்கிறான். 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் தருகிறேன் என்று சொல்லிச் செய்த அதே வேலை. நூறு வருஷத்துப் பழைய சரக்கு, எங்கள் மொட்டைமாடிக்குப் புதுசாக வந்து இறங்கியிருக்கிறது. ஆறாவது மாசம் பையனின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் எல்லோரும் வரிசையில் நின்றோம். பணம் போனதைவிட அங்கே கேட்ட பேச்சுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. “உங்களுக்குச் சந்தேகம் வரலையா மேடம்?” என்று டீச்சரைக் கேட்டேன். “வந்துச்சு சார். ஆனா நீங்க கணக்கு எழுதுறவரு. நீங்களே பேசாம சமோசா சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. அப்ப சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்றார். பெரியவர் சிரித்தார். “எனக்கு அப்பவே டவுட்டுபா. அல்லாரும் கம்முனு கீறாங்களே, நம்ம இன்னாத்துக்கு நடுவுலன்னு உட்டுட்டேன்.”

நான் டீச்சரைப் பார்த்தேன், டீச்சர் என்னைப் பார்த்தார், பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அந்த மாடியில் ஒருத்தருக்குக்கூட முழு நம்பிக்கை இருந்ததா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையை அவர் 1951-ல் எழுதினார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடு. அந்த ஒன்றுக்குச் சமமானது இந்த மூன்றில் எது? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் செட்டப் ஆட்கள், ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொல்வார்கள். மாட்டிக்கொண்ட அந்த ஒருவர், கண்ணுக்கு நேரே தெரிவதை விட்டுவிட்டு, சுமார் மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது வழுக்கினார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, நான் மட்டும் முட்டாள் இல்லை என்று. அடுத்த பக்கம்தான் வலித்தது. செட்டப் ஆட்களில் ஒரே ஒருவரைச் சரியான கோட்டைச் சொல்ல வைத்தால் போதும், கூட்டத்தோடு போவது பெருமளவு குறைந்துவிடுகிறது. ஒரே ஒரு ஆள். அந்த மாடியில் அந்த ஒரு ஆளாக இருக்க எனக்கு வாய்ப்பு இருந்தது. வாயில் சமோசாவும் இருந்தது.

இதை ஆபீஸில் சொன்னபோது தென்சென்னை நண்பர் ஒருவர், “உங்க ஏரியா ஆளுங்களே அப்படித்தான், கூட்டமா சேர்ந்தா யோசிக்க மாட்டாங்க” என்றார். எங்களுக்கு இது பழகிப்போன பேச்சு. ஃபுட்போர்டில் தொங்கும் பசங்கள், பஸ் டே, சாவு ஊர்வலத்தில் ஆட்டம், இதெல்லாம்தான் வெளியாட்களுக்கு வடசென்னைக் கூட்டம். ஃபுட்போர்டில் நானும் தொங்கியிருக்கிறேன். தனியாகப் போன நாளில் ஒழுங்காக உள்ளே போய் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பசங்கள் ஐந்து பேர் சேர்ந்தால்தான் உள்ளே இடம் இருந்தாலும் தொங்குவோம். அதை மறைக்கவில்லை. ஆனால் நண்பரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் மாற்றுவதற்கு மூன்று கொட்டேஷன் வாங்காமலே கையைத் தூக்கி ஓகே பண்ணிவிட்டு, இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஏசி ஹால், இங்கே மொட்டைமாடி.

கூட்டமாக இருந்ததால் உயிர் பிழைத்த கதையும் எங்கள் பக்கம் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலோரக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததே, அந்த ராத்திரி. பெரியகுப்பத்தில் வாக்கப்பட்ட என் சித்தி மகள் சொல்வாள்: கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, எதிர்வீட்டுக்காரர் கதவை உடைக்கிற மாதிரி தட்டுகிறார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே அடுத்த மூன்று கதவுகளைத் தட்டிக்கொண்டே ஓடினாளாம். என்ன நாற்றம், யாரைக் கேட்பது என்று ஒருத்தரும் நின்று யோசிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1968-ல் லாட்டனே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் எதுவும் நடக்காத மாதிரி இரண்டு செட்டப் ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது பத்தில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். பெரியகுப்பத்தில் யாரும் அந்நியர் இல்லை. ஆபத்து என்றால் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றுகிறது.

அதே பழக்கம்தான் என் வாயையும் கட்டியது. முன்பின் தெரியாத ஏஜென்ட் வந்திருந்தால் குடைந்து எடுத்திருப்பேன். அக்காவின் தங்கச்சி பையனை நாலு பேர் நடுவில் கணக்குக் கேட்பது அக்காவைக் கேட்கிற மாதிரி. விஷவாயு வந்தால் பக்கத்து வீட்டுக் கதவை உடைப்போம். சந்தேகம் வந்தால் அந்தக் கதவைத் தட்ட மாட்டோம், அவர்கள் மனசு கோணிவிடும்.

கூட்டம் என்றாலே தப்பாகத்தான் முடிவெடுக்கும் என்றும் நான் நம்பவில்லை. காசிமேட்டுக்கு விடிகாலையில் போனால் என் மனைவி கும்பல் நிற்கிற மீன்காரம்மாவிடம்தான் போவாள். அநேகமாக மீன் நன்றாகவே இருக்கும். ஏனென்றால் அங்கே நிற்கிற ஒவ்வொரு பொம்பளையும் தன் கையால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள், வயிற்றை அழுத்திப் பார்க்கிறாள், சரியில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறாள். பத்து பேர் தனித்தனியாகப் பார்த்துச் சேர்ந்த கும்பல் அது. எங்கள் மாடியில் முப்பது பேர் இருந்தோம், செவுளைத் தூக்கிப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

இங்கிலாந்தில் 1906-ல் ஒரு சந்தையில் மாட்டை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு வரும் எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. ஆளாளுக்குச் சீட்டில் எழுதிப் போட்டார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அந்த 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் வந்த எண் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. கசாப்புக்காரர்களும் ஒன்றும் தெரியாதவர்களும் கலந்து எழுதியது. அவர்களையே ஒரு மேடைக்கு முன்னால் உட்கார வைத்து, முதலில் ஊர்ப் பெரிய மனிதர் ஒரு எடையைச் சொல்லியிருந்தால்? ஆஷ் சோதனையிலும், பதிலை உரக்கச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம் என்றபோது கூட்டத்தோடு போனவர்கள் குறைந்தார்கள்.

சரி, கூழ் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் வீட்டுக்கு 500. இந்த வருஷம் பசங்கள் 1000 என்றார்கள். பெரிய லைட் செட், எல்இடி அம்மன், ஸ்பீக்கர். “இன்னா, அல்லாருக்கும் ஓகேதானே?” என்று ஒரு தம்பி கேட்டான். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டார். டீச்சர் தலையாட்ட ஆரம்பித்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

“எழுதிப் போடலாமே” என்றேன். “இன்னாண்ணா, எலெக்ஷனா?” என்று சிரித்தார்கள். டீச்சர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “போடுவோம்பா, என்ன இப்போ” என்று பையிலிருந்து நோட்டை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார். மாவுக்கடை அக்கா அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் உட்காருவதில்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கூழ் ஊற்றுகிற எவர்சில்வர் தூக்கை அவர்தான் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

முப்பத்து நாலு சீட்டு. 1000 என்று எழுதியது ஒன்பது. மற்றதெல்லாம் 500, அல்லது அதற்கும் கீழே. ஒன்றில், “கூழ் போதும், லைட்டு வேணாம், வீட்ல கைக்கொழந்த கீது.” இன்னொன்றை அந்தத் தம்பி சத்தமாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் குரலைத் தாழ்த்தினான்: “நான் போன வருசமே கடன் வாங்கித்தான் குடுத்தேன். 200 தரேன். போர்டுல பேர் வேணாம்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் இருமினார். எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்று அக்கா தூக்கை வாங்கிக்கொண்டு போய்ச் சீட்டையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார்.

இந்த வருஷம் முடிந்தவர்கள் 500, முடியாதவர்கள் முடிந்தது. லைட் செட் கிடையாது. ஸ்பீக்கர் உண்டு.