சுருக்கம் வராமலிருக்க மாய்ஸ்சரைசர்: எது நடக்கும், எது நடக்காது

முந்நூறு நானூறு ரூபாய் மாய்ஸ்சரைசரும் மூவாயிரம் ரூபாய் ‘ஆன்டி ஏஜிங்’ க்ரீமும் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தோலில் இருக்கும் ஈரத்தை ஆவியாகிப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த வேலை. அதற்கு விலை குறைந்ததே போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல சன்ஸ்க்ரீன் வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

முகத்தில் தெரியும் கோடுகள் இரண்டு வகை. முதல் வகை, மேல்தோல் வறண்டுபோவதால் கண்ணுக்குக் கீழேயும் கன்னத்திலும் வரும் மெல்லிய கோடுகள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்துவிட்டு, ஈர முகத்தில் க்ரீம் தடவி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மங்கிப்போன கோடெல்லாம் வறட்சிக் கோடு. அப்படியே நிற்பது இரண்டாவது வகை. அடித்தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத நார்கள் சிதைந்து உண்டானது அது. மாய்ஸ்சரைசர் முதல் வகையை உடனே சரிசெய்யும். இரண்டாவதை, எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும், ஈரப்பதத்தால் மட்டும் அழிக்க முடியாது.

வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். பொதுவாக அளவு அதிகமான பொருள்தான் முதலில் இருக்கும். தண்ணீருக்கு அடுத்து கிளிசரின் இருந்தால் நல்ல அறிகுறி, அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஸ்குவாலேன், செராமைடு போன்றவை தோல் செல்களின் இடுக்குகளை நிரப்பும். டைமெத்திகோன், பெட்ரோலேட்டம், மினரல் ஆயில் இவை மேலே மூடிபோட்டு நீர் ஆவியாவதைத் தடுக்கும். இந்த மூன்று வகையும் சேர்ந்திருந்தால் போதும், வாசனை இல்லாததாக இருந்தால் இன்னும் நல்லது. எண்ணெய் வழியும் முகத்துக்கும் சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்துக்கும் ஜெல் அல்லது லோஷன். வறண்ட தோலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் கெட்டியான க்ரீம். நாள் முழுக்க ஏசியில் உட்காருபவர்கள் ஈரத்தை இழுக்கும் ஹயலூரானிக் அமில சீரத்தோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது. காற்று காய்ந்திருக்கும்போது அது இழுத்த ஈரம் மேலே வந்து ஆவியாகிவிடும், தோல் முன்னைவிட இறுக்கமாகத் தெரியும். அதன்மேல் மூடிபோடும் க்ரீம் ஒன்று அவசியம்.

பலர் சறுக்குவது தடவும் நேரத்தில்தான். குளியல் சோப்பின் பிஹெச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்கு மேல் காரம்) பெரும்பாலும் 9 முதல் 10. தோலின் இயல்பு 5ஐ ஒட்டியது. சோப்பு போட்டு முகம் ‘கிறீச்’சென்று ஆகும்வரை கழுவிவிட்டு, துண்டால் அழுத்தித் துடைத்து, அரை மணி நேரம் கழித்து க்ரீம் தடவினால் பிடித்து வைக்க ஈரமே மிச்சமிருக்காது. மிதமான ஃபேஸ் வாஷால் கழுவி, துண்டை ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தடவுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய கொண்டைக்கடலை அளவு. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை.

இப்போது சன்ஸ்க்ரீனுக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டாம் வகைச் சுருக்கத்துக்கு முதல் காரணம் வெயில். அதிலும் யுவிஏ என்ற புறஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும், மேகமூட்டத்திலும் வரும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருக்கும். நம் ஊரில் ஓட்டுநருக்கு அது வலது கன்னம். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வந்தது. தினமும் சன்ஸ்க்ரீன் போடச் சொல்லப்பட்டவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது போட்டவர்களைவிட, தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. அவர்களுக்குக் கொடுத்தது எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவைக் காட்டும் எண்) 15 வகை மட்டுமே. எந்தச் சுருக்க க்ரீம் விளம்பரமும் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

‘மாய்ஸ்சரைசரிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே’ என்று நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவினால் கிடைப்பது. முகம், கழுத்துக்கு அது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கும் அளவு. மாய்ஸ்சரைசரை யாரும் அவ்வளவு போடுவதில்லை. ஆகவே மாய்ஸ்சரைசர் தனி, அதன்மேல் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, பிஏ+++ (யுவிஏவைத் தடுக்கும் அளவு, கூட்டல் குறி கூடினால் பாதுகாப்பும் கூடும்) அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன் தனி. இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து திரிதிரியாக உருண்டு வரும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். காதோரம், கண்ணோரம், கழுத்தின் பக்கவாட்டு, புறங்கை இவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

கொலாஜன் க்ரீம் பற்றி ஒரே வரி: கொலாஜன் மூலக்கூறு சுமார் 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடை, 500 டால்டனைத் தாண்டியவை ஆரோக்கியமான தோலுக்குள் நுழைவதே கஷ்டம். மேலே கிடந்து ஈரம் காக்கும், அவ்வளவுதான்.

உள்ளே போய் உண்மையிலேயே வேலை செய்யும் தடவு மருந்து, வைட்டமின் ஏ வகையான ட்ரெட்டினாயின் குடும்பம். ரெட்டினாலும் அதைச் சேர்ந்ததுதான், வீரியம் குறைவு. இங்கே மாய்ஸ்சரைசர் துணைக்கு வருகிறது. ரெட்டினால் போடும் இரவில் மட்டும், முகம் நன்றாகக் காய்ந்தபின் முதலில் மாய்ஸ்சரைசர், பிறகு முழு முகத்துக்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு ரெட்டினால், மேலே மறுபடி மாய்ஸ்சரைசர். வாரம் இரண்டு இரவு போதும், தோல் பழகியபின் கூட்டலாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது. ட்ரெட்டினாயினை மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சாதாரண மாய்ஸ்சரைசர் போட்டாலே எரிகிறது என்றால் தோலின் மேலரண் கெட்டிருக்கிறது. பெரும்பாலும் ஸ்க்ரப், ஆசிட் சீரம், எலுமிச்சைச் சாறு இவற்றில் ஒன்றுதான் காரணம். எலுமிச்சையைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகவும் செய்யும். எல்லாவற்றையும் நிறுத்தி, சில வாரங்கள் ஃபேஸ் வாஷ், வாசனையற்ற க்ரீம், சன்ஸ்க்ரீன் மூன்றோடு இருங்கள்.

கடைசியாக, மனதை உறுத்தும் விஷயம். பத்தே நாளில் முகம் வழவழப்பாகி வெளுக்கிறது என்று பக்கத்து வீட்டார் சிபாரிசில் மருந்துக்கடையில் வாங்கும் டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பருக்களும் வேண்டாத ரோமமும் கிளம்பும். சுருக்கத்துக்குப் பயந்து போட்டது சுருக்கத்தையே சீக்கிரம் கொண்டுவரும். நீண்ட நாள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், முகம் சிவந்து கொதிக்கும். அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய், எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார்.