94ஐ விடுங்கள், ஆட்களைப் பற்றிக் கதைப்போம்

மொன்றியலில் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணியின் அந்த நீலம், வெள்ளை, சிவப்புத் தொப்பி இப்போது மறுபடி எங்கும் தெரிகிறது. மெட்ரோவில் பெட்டிக்கு ஒருவராவது போட்டிருக்கிறார். எக்ஸ்போஸ் கடைசியாக விளையாடிய 2004இல் இவர்களில் பலர் பிறந்தே இருக்கமாட்டார்கள். பரவாயில்லை, தொப்பி வடிவாகத்தான் இருக்கிறது. எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இந்த அணியைப் பற்றி வாயைத் திறக்கிற எல்லோரும், என் வயது ஆட்கள் உட்பட, ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 94, 94, திரும்பவும் 94.

சரி, அதை நானே சொல்லி முடித்துவிடுகிறேன். 1994 ஆகஸ்ட் 12இல் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. மொத்த லீகிலும் அதுதான் முதலிடம். மிச்ச ஆட்டங்களும் நடக்கவில்லை, கிண்ணத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடரும் நடக்கவில்லை. அடுத்த சீசனுக்கு முன் காசில்லை என்று லாரி வாக்கர், மார்க்கிஸ் கிரிஸம், ஜோன் வெட்லண்ட், கென் ஹில் நான்கு பேரையும் கைவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. நடக்காத ஒரு தொடருக்காக முப்பது வருடமாக ஒப்பாரி வைக்கிறோம், 36 சீசன் உண்மையாகவே ஆடிய மனிதர்களை ஒருவரும் கேட்பதில்லை.

நான் இந்த ஊருக்கு வந்தது 1991இல். பார்க் எக்ஸ்ரென்ஷனில் இரண்டு அறையில் ஆறு பேர். வேலை, வேறென்ன, உணவகத்தில் கோப்பை கழுவுவதுதான். குசினியில் ஒரு சின்ன ரேடியோ, அதில் பிரெஞ்சு வர்ணனையாளர் ஜாக் டூசேயின் குரல். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, பேஸ்போலும் தெரியாது. இரண்டையும் அந்த ரேடியோவும் பக்கத்தில் நின்ற கெபெக்குவாச் சமையல்காரரும்தான் சேர்த்துப் படிப்பித்தார்கள். பந்து எறிபவர் லான்சர், அடிப்பவர் ஃப்ரப்பர். சுழலாமல் தள்ளாடித் தள்ளாடி வரும் நக்கிள் போலுக்கு பால் பப்பியோன், அதாவது வண்ணத்துப்பூச்சிப் பந்து. அடித்த பந்து வேலியைத் தாண்டி ஹோம் ரன் போனால், கூட வர்ணனை செய்யும் ரொஜர் ப்ரூலோட் ‘போன்சுவார், எல் எ பார்ட்டி’ என்று கத்துவார், ‘போய் வாருங்கள், பந்து போயே விட்டது’ என்கிற மாதிரி. எங்கள் சமையல்காரர் அதைக் கரண்டியோடு சேர்ந்து கத்துவார்.

அந்த ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் லொஸ் ஏஞ்சலஸில். எறிகிறவர் டெனிஸ் மார்டினெஸ், நிக்கராகுவாக்காரர், எங்கள் ஊரைப் போலவே போர் தின்ற நாடு. குடியில் விழுந்து, எழும்பி, முப்பத்தைந்து வயது தாண்டிய மனிதர். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது அளவில் சமையல்காரர் கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் ஏதோ கேட்க, கையைக் காட்டி அடக்கினார். இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாதாம், திறந்தால் குலைந்துவிடுமாம். நாவூறு என்றால் எனக்கு விளங்காதா? பேசாமல் கோப்பையைக் கழுவினேன். வந்த 27 பேரில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. 2-0. பேர்ஃபெக்ட் கேம். ஆட்டம் முடிந்து மார்டினெஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், அதை நான் பிறகு தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

அடுத்த வருடம் கேரி கார்ட்டர். கேட்சர், நம் கணக்கில் விக்கெட் காப்பாளர் மாதிரி, ஆனால் அதைவிட முழங்கால் நோகும் வேலை. இங்கே வளர்ந்து, நியூயோர்க் மெட்ஸுக்குப் போய் 1986இல் கிண்ணம் வென்று, கடைசி வருடத்துக்குத் திரும்பி வந்திருந்தார். 1992 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் அவர் கடைசியாக அடித்த பந்து வலது பக்கம் எழும்பி, அங்கே நின்ற சிக்காகோ கப்ஸ் வீரரின் தலைக்கு மேலால் போனது. அந்த வீரர் யார் தெரியுமா? ஆன்ட்ரே டோசன். அதே மொன்றியலில் கார்ட்டரோடு ஒன்பது சீசன் ஆடியவர். அந்த அடியில் வாக்கர் ஓடி வந்து எக்ஸ்போஸ் 1-0 என்று வென்றது. இதை யாராவது கதையாக எழுதினால் நம்பமாட்டோம்.

டோசனின் கதைதான் எனக்கு அதிகம் வலிக்கும். எக்ஸ்போஸின் ஒலிம்பிக் மைதானத்தில் புல் இல்லை, கொங்கிரீட்டுக்கு மேல் விரித்த செயற்கைக் கம்பளம். அதில் ஓடி ஓடி முழங்கால் போனது. 1987இல் தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, விரும்பியதை நிரப்புங்கள் என்று கப்ஸிடம் நீட்டினார். அவர்கள் ஐந்து லட்சம் டொலர் எழுதினார்கள், அந்த வருடமே 49 ஹோம் ரன் அடித்து லீகின் சிறந்த வீரரானார். பிறகு 2010இல் ஹோல் ஒஃப் ஃபேம் என்கிற பேஸ்போல் புகழ் மண்டபத்தில், தன் பலகையில் கப்ஸ் தொப்பி வேண்டும் என்று கேட்டார், கிடைத்தது எக்ஸ்போஸ் தொப்பி. முழங்காலைத் தின்ற ஊரின் தொப்பி. சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எக்ஸ்போஸின் டிம் ரெயின்ஸ் 1981இல் 88 ஆட்டத்தில் 71 பேஸ் திருடினார் (யாரும் பந்தை அடிக்கும் வரை காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), கொக்கெயினில் மாட்டினார், அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு மீண்டார், ஹோல் ஒஃப் ஃபேமுக்குப் பத்தாவது வருடம், கடைசி வாய்ப்பில்தான் போனார். அதற்கெல்லாம் முன்னே ரஸ்டி ஸ்டோப். நான் பார்த்ததில்லை. இங்கே வந்த அமெரிக்க வீரர்களில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தவர் அவர், அதற்காகவே சனம் அந்தச் சிவப்பு முடிக்காரரை ‘லு கிராண்ட் ஓரஞ்ச்’, அதாவது பெரிய செம்மஞ்சள், என்று கொண்டாடியது. பதினைந்து வருடம் இங்கே இருந்தும் ‘மெர்சி’க்கு மேல் போகாத எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். (பட்டியலில் என் மச்சானும் உண்டு, கோபிக்கவேண்டாம்.) ஸ்டோப் ஆடிய ஜாரி பார்க் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம், இப்போது அங்கே டென்னிஸ். பக்கத்துத் தெருவுக்குக் கார்ட்டரின் பெயர்.

கடைசி நட்சத்திரம் விளாடிமிர் கெரேரோ. அடிக்கும்போது கையுறை போடமாட்டார், தரையில் குத்தி எழும்பும் பந்தையும் விடமாட்டார். அவருடைய மகன் 1999இல் இங்கேதான் பிறந்தான், இப்போது ரொறன்ரோ புளூ ஜேஸில் அப்பாவின் 27ஆம் இலக்கத்தோடு ஆடுகிறான். 2018 மார்ச்சில் ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை 0-0. பத்தொன்பது வயதுப் பையன் அடித்தான், பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

நான் சோபாவில் இருந்து எழும்பி முடிக்கவில்லை, போனில் ஒரு செய்தி. ஓய்வு பெற்று எங்கேயோ கிராமத்தில் இருக்கும் அந்தச் சமையல்காரர். வேறு ஒன்றும் எழுதவில்லை: போன்சுவார், எல் எ பார்ட்டி.