ஐந்து வயது ஆனதும் பிள்ளை தந்தைக்குத்தான் என்பது சட்டமல்ல

விவாகரத்துக்கு வழக்கறிஞர் வேண்டுமா, பிள்ளை யாரிடம் இருக்கும் என்று வியாசர்பாடிச் சகோதரி ஒருவர் கேட்டதற்கு, "விவாகரத்துப் பயிற்சியாளர் இருந்தால் வழக்கறிஞரே வேண்டாம், பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் அது தானாகத் தந்தையிடம் போய்விடும்" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, அதை நம்பி அந்தச் சகோதரி பிள்ளையை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறதே ஒழிய, அந்த வயதுக்குப் பின் தந்தையிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி பிள்ளையின் நலனே முதன்மையானது.

விவாகரத்துப் பயிற்சியாளர் என்பவர் வழக்கறிஞர் அல்ல, விவாகரத்துக் காலத்தைச் சமாளிக்க வழிகாட்டுபவர்; அவரின் உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓயாமல் சண்டைக்கு இழுக்கும் துணைவரின் குறுஞ்செய்திக்கு, வசவுகளைத் தொடாமல், பிள்ளையை அழைத்துச் செல்லும் நேரத்தை மட்டும் இரண்டு வரியில் பதிலாக எழுதவும், நடந்தவற்றைத் தேதிவாரியாகக் குறித்துவைக்கவும் பழக்குவது பெரிய துணைதான். என் தங்கைக்கு அந்தப் பழக்கம்தான் இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் வழக்கறிஞரிடம் சொல்லும் இரகசியத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பயிற்சியாளரிடம் சொல்வதற்குக் கிடையாது.

பணம்தான் தடை என்றால், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைத்துக் கேளுங்கள், சகோதரி.