மில்லுச் சங்கும் கடை ஷட்டரும்

திருநெல்வேலி டவுனில் ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கும் பதினொரு பெண்கள் சேர்ந்து தங்கள் முதலாளிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். இரவு எட்டரை மணிக்குள் தங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஷட்டர் இறங்கிய பிறகு செய்யும் மடிப்பு வேலைக்கும் சம்பளம் கணக்கிட வேண்டும், வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பைப் பிடித்தம் இல்லாமல் தர வேண்டும் என்ற மூன்றே கோரிக்கைகள்தான் அதில் இருக்கின்றன. அவர்களில் ஒருத்தி என் மைனியின் மகள். கடிதம் கொடுத்த செய்தி ஊருக்குள் பரவியதும், "சம்பளம் கொடுக்கிறவனுக்கே நேரம் சொல்லுதாளுவளே" என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். அப்படிப் பேசியவர்களுக்கும், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நானும் ஆறு ஆண்டுகள் அதே டவுனில், ரத வீதிப் பக்கத்து ஜவுளிக் கடை ஒன்றின் சேலைப் பிரிவில் நின்றவள். முக்கூடலிலிருந்து காலை ஏழே முக்கால் பேருந்தைப் பிடித்தால்தான் ஒன்பது மணிக்குக் கடைக்குள் இருக்க முடியும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். ஆனால் கடைசியாக வந்த குடும்பம் பிரித்துப் போட்டுவிட்டுப் போன நாற்பது சேலைகளையும் மடித்து, அட்டை வைத்து, ரகம் பார்த்து அடுக்கி, இருப்பைச் சரிபார்த்து முடிக்கும்போது பத்து மணியாகிவிடும். வீடு வந்து சேரப் பதினொன்றே கால். என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு படித்தான். வாரத்தில் ஆறு நாள் நான் அவனைத் தூங்கும் முகமாகத்தான் பார்த்தேன். ஆனித் தேரோட்டத்தன்று தேர் எங்கள் கடையைத் தாண்டிப் போகும். வடம் பிடிப்பவர்களின் சத்தம் கேட்டு மாடி ஜன்னலுக்கு ஓடிப்போய் ஒரு நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பிவிடுவோம். நெல்லையப்பர் தேரை ஆறு ஆண்டுகளாக மாடி ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்தேன் என்பதைச் சொல்லும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இந்த நேரத்தைக் கூட்டிப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று கூட்டிப் பார்க்கிறேன். ஒன்பது முதல் பத்து வரை பதின்மூன்று மணி நேரம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரத்தைக் கழித்தால் பன்னிரண்டு. ஆறு நாளுக்கு எழுபத்திரண்டு. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறது. மிகைநேரம் வாங்கினாலும் ஒரு நாளில் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் எழுபத்திரண்டில் 48 போக மீதி 24 மணி நேரம், அதாவது முழுதாக மூன்று நாள் வேலை. ஏழு நாள் கொண்ட வாரத்தில் ஒன்பது நாள் உழைத்திருக்கிறோம். கூலி வாங்கியது ஆறு நாளைக்கு.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தார். பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி கம்பெனிக்காரர்கள் 1880-களில் கட்டிய நூற்பு மில்லில் அவருக்கு வேலை. நான் சிறுமியாக அங்கே போகும்போது ஊரே மில்லுச் சங்குக்குக் கட்டுப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவார்கள், சங்கு ஊதினால் தாத்தா வீட்டுக்கு வந்து குளிக்க ஆற்றுக்குப் போவார். வேலை கடுமைதான், பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறத்தான் செய்தது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன, அதை ஊர் முழுவதும் காதால் கேட்டது. சங்கு ஊதிய பிறகு ஒருவரை உள்ளே நிறுத்திவைத்தால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் கடைக்கு அப்படி ஒரு சங்கு கிடையாது. ஷட்டர் இறங்குவதைப் பார்க்கும் ஊர், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடும். ஷட்டருக்கு உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

தாத்தாவுக்குக் கிடைத்த அந்த எட்டு மணி நேரமும் யாரோ மனமிரங்கிக் கொடுத்தது அன்று. அதே ஹார்வி கம்பெனி தூத்துக்குடியில் நடத்திய கோரல் மில்லில், தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த அந்தக் காலத்தில், 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையானது. வ.உ.சி.யைக் கப்பலோட்டியவராகவும் செக்கிழுத்தவராகவும் நாம் கொண்டாடுகிறோம், மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் குறைந்த வேலைநேரத்தையும் மில் தொழிலாளிகளுக்காக வாதாடி வாங்கித் தந்தவர் என்று எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? மார்ச் 12 அன்று அவர் கைதானதும் கொதித்தெழுந்த ஊர் நம் திருநெல்வேலி; மறுநாள் இங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். மே தினம் என்றால் சிக்காகோவைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் எட்டரை மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கும் ஒரு டவுன் பெண்ணுக்கு முன்னோடிகள் ஐம்பது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அதன் பிறகும் மணிக்கணக்கு ஒரேயடியாகக் குறைந்துவிடவில்லை. தொழிற்சாலைகளுக்கு 1922-இல் வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வந்தது. 1934-இல் அது 54 ஆயிற்று. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் முன்னெடுக்கப்பட்டு 1946-இல் நிறைவேறிய திருத்தத்தால் 48 ஆயிற்று. ஒவ்வொரு ஆறு மணி நேரத்தைக் குறைக்கவும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அப்படிக் குறைத்து வாங்கியதைத்தான் கடை வாசலில் ஒவ்வொரு இரவும் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மைனி மகளும் அவள் தோழிகளும் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடிதம்கூட அன்று, அதற்கு முன்பு அவர்கள் எழுதிய நோட்டுதான். தொழிற்சங்கத்தில் நெடுநாள் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்ன யோசனையின்படி, தை மாதம் தொடங்கிப் பங்குனி முடிய ஆளுக்கொரு நூறு பக்க நோட்டில் உள்ளே நுழைந்த நேரத்தையும் தெருவில் கால் வைத்த நேரத்தையும் அன்றன்றைக்கே எழுதிவைத்தார்கள். கடைப் பதிவேட்டில் எல்லோருக்கும் காலை ஒன்பதரை, மாலை ஆறரை என்று ஒரே கையெழுத்தில் நேரம் போட்டு, மாதத் தொடக்கத்திலேயே அவர்களிடம் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். நோட்டில் இருப்பது வேறு. ஒருத்தியின் நோட்டில் பேருந்துச் சீட்டுகளும் தேதி வாரியாக ஒட்டப்பட்டிருந்தன. "அத்த, ஒங்க காலத்துல இப்படி எதும் எழுதி வச்சியளா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. நாங்கள் கால் வலியைப் பேசினோம், சூப்பர்வைசரைப் பேசினோம், கடைசிப் பேருந்தைப் பேசினோம், நேரத்தை எழுதிவைக்கவில்லை. எழுதாத நேரத்தை எந்த அதிகாரியிடமும் போய்க் கேட்க முடியாது.

கால் வலி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி முதலில் பெற்ற உரிமை அது. இப்போது பல கடைகளில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் ஒரு பார்வை பார்ப்பார்கள் என்கிறாள் மைனி மகள்.

என் அம்மா பீடி சுற்றியவர். முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆழ்வார்குறிச்சி எங்கே போனாலும் சுளவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரம்பு வைத்தது தொழிற்கூடத்துக்கு. வீட்டில் சுற்றுகிறவளுக்கு அந்தக் கடிகாரம் வந்து சேரவில்லை. அவளுக்குக் கணக்கு ஆயிரம் பீடி. இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி ஆயிரம் முடிய எத்தனை மணி நேரம் ஆகும் என்று கடைக்காரர் கேட்பதில்லை. இலை மோசமாக வந்தால் வெட்டிலேயே பாதி கழிந்துவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்ட இரவு விளக்கை எரியவிட்டு அம்மா சுற்றுவார், பக்கத்தில் நான் நூல் கட்டித் தருவேன். ஆகவே வேலைநேரக் குறைப்பு என்பது எங்கள் பகுதியில் கடிகாரத்தோடு மட்டும் முடிந்துபோகிற விஷயம் இல்லை. எட்டு மணி நேரத்தில் ஒரு பெண்ணால் சுற்ற முடிகிற பீடிக்கு ஒரு குடும்பம் பிழைக்கும் அளவுக்குக் கூலி நிர்ணயிக்கப்படாதவரை, அவளிடம் போய் "சீக்கிரம் படுத்து ஓய்வெடு" என்று சொல்வது அவள் அடுப்பை அணைப்பதற்குச் சமம். கடையில் விற்பனைக்குத் தகுந்த கமிஷனை நம்பி நிற்கும் பெண்களுக்கும் இதுவே பொருந்தும். அதனால்தான் அந்தக் கடிதத்தில் நேரமும் சம்பளமும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன.

முதலாளிகள் தரப்பிலும் கேட்க வேண்டிய சொல் உண்டு. வெயில் தாழ்ந்த பிறகுதான் எங்கள் ஊரில் துணி எடுக்க வருவார்கள், ஆறு மணிக்கு மேல்தான் வியாபாரம் என்று அவர்கள் சொல்வது உண்மை. நான்கு பேரை வைத்துக் கடை நடத்தும் அண்ணாச்சி தானும் காலை முதல் இரவு வரை கல்லாவில்தான் இருக்கிறார். அவருடைய பிள்ளைகளும் தகப்பனைத் தூங்கும்போதுதான் பார்க்கிறார்கள். ஆனால் கடை திறந்திருக்கும் நேரமும் ஒருத்தி வேலை செய்யும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐம்பது, நூறு பேர் வேலை பார்க்கும் பெரிய கடைகள் பாதிப் பேரைக் காலையிலும் மீதிப் பேரை மதியத்திலும் வரச் சொல்லி இரண்டு முறையாகப் பிரிக்கலாம்; மில்லில் தாத்தா காலத்திலேயே மூன்று ஷிப்டு இருந்தது. சிறிய கடைகளைப் பொறுத்தவரை, வீதி முழுவதும் பேசி ஒரே நேரத்தில் அடைத்தால் யாருக்கும் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகாது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளை எந்நேரமும் திறந்துவைக்க அனுமதித்த 2022-ஆம் ஆண்டின் அரசாணைகூட, பெண்களைப் பொதுவாக இரவு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், வாங்குவதானால் எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்றும்தான் சொன்னது. பதினொரு பேரும் கேட்பது அதைவிட அரை மணி நேரம் கூடுதலாக முதலாளிக்கு விட்டுக்கொடுத்த நேரம்.

எழுபது மணி நேரம் உழையுங்கள், தொண்ணூறு மணி நேரம் உழையுங்கள் என்று பெரிய நிறுவனங்களை நடத்துகிறவர்கள் சொல்வதைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் எழுபத்திரண்டு மணி நேரம் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு உழைத்தும் என்னால் மகனுக்கு டியூஷன் கட்டணம் கட்ட முடியவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியபோது, வாரத்துக்கு 48 என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று விளக்கம் தந்தார்கள். தொழிற்சங்கங்கள் அதை நம்பவில்லை. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் நாள் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சங்கங்கள் நம்பாததை நான் நியாயம் என்றே கருதுகிறேன். பன்னிரண்டு மணி நேரத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதோடு வர வேண்டிய அந்த மூன்று நாள் ஓய்வைத்தான் ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டரைக்கு வீடு திரும்பும் பெண்ணுக்காக அடுப்படியில் பாத்திரம் குவிந்து கிடந்தால், முதலாளி கொடுத்த நேரத்தை வீடு எடுத்துக்கொள்ளும். இதை அண்ணன் தம்பிகளும் கணவன்மாரும் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்துக்கு இரண்டு கடைக்காரர்கள் மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு ஒரு மாதத்துக்கு எட்டரை மணி ஏற்பாட்டைச் சோதனையாகப் பார்ப்பதாக ஒருவரும், வெளியூர்ப் பெண்களை மட்டும் முன்னதாக அனுப்புவதாக இன்னொருவரும் கூறியிருக்கிறார்கள். மற்றவர்கள் பதில் சொல்லவில்லை. கோரல் மில் போராட்டத்தின்போது அதை எதிர்த்துப் பேசியவர்களுக்கு முகம் மழிக்க நாவிதர்கள் மறுத்தார்கள், ஊர்க்காரர்கள் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வளவு பெரிய காரியத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை. டவுனுக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் ஏழு மணிக்குள் வந்து எட்டு மணிக்குள் பில் போட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் ஒரு கடை அடைக்கப் பார்த்தால் "ஒரே ஒரு சேலை" என்று உள்ளே நுழையாதீர்கள். கல்லாவில் இருப்பவரிடம், இந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். முக்கூடலுக்கு ஒன்பது மணிக்கு முன்பு ஒரு பேருந்து இருக்கிறது. நான் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் அதில் ஒரு நாள்கூட ஏறியதில்லை.