வெளியாள் வந்தாலே முடிவு கெட்டுவிடுமா?
WWE மல்யுத்தத்தில், மோதுகிறவர்களைத் தவிர வேறொரு வெளியாள் தலையிட்டு முடியும் ஆட்டம் எல்லாமே ரசிகனை ஏமாற்றுவது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2023-இல் WWE-யின் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸில்மேனியா 39 முடிந்தபோது நமக்குத் திங்கட்கிழமை காலை. குடியாத்தத்தில் மாமா வீட்டுத் திண்ணையில், போனைச் சொம்பில் சாய்த்து வைத்து நானும் மாமா பையனும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸின் ஆலோசகர் பால் ஹேமன் நடுவரின் கவனத்தைத் திருப்ப, ரெய்ன்ஸின் அடியாள் சோலோ சிகோவா கட்டைவிரலால் எதிராளி கோடி ரோட்ஸின் தொண்டையில் குத்த, ரெய்ன்ஸ் ஓடிவந்து தோளால் இடித்துச் சாய்க்கும் ஒரு ஸ்பியர் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, முடிந்தது. மாமா பையன் டீ கிளாஸை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான், அன்று முழுக்க என்னோடுகூடப் பேசவில்லை (நான் ரெய்ன்ஸ் கட்சி). ஆனால் அந்த எரிச்சல்தான் அடுத்த வருடம் ரெய்ன்ஸின் 1,316 நாள் பட்டம் கோடியிடம் பறிபோனபோது அவனை விசிலடிக்க வைத்தது. அன்றைக்கும் வெளியாட்களாகச் சிகோவா வந்தார், ஜான் சீனா வந்தார், அண்டர்டேக்கர்கூட வந்தார். யாராவது குறை சொன்னோமா? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ரெஸில்மேனியா 41-ஐ உதாரணம் காட்டியிருக்கிறார். சரி, அது வேறு கதை. ஜான் சீனா, கோடியைப் பெல்ட்டால் அடித்து 17-வது உலகப் பட்டம் வாங்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர் அப்போது வில்லன். நடுவில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டுக்கு அங்கே என்ன வேலை?