ஸொம்பிக்கும் ஒரு பெயர் வையுங்கள்

வன்னியில் குறும்படம் எடுக்கிற பெடியள், செத்தும் எழுந்து நடமாடும் ஸொம்பியின் கதையை எடுக்க ஆசைப்பட்டால் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் வழக்கமான அச்சில் வேண்டாம். முகமில்லாத கூட்டமொன்று வரும், கதாநாயகன் சுட்டுத் தள்ளுவான், நாங்கள் கைதட்ட வேண்டும். 2009இல், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த சனம் நாங்கள். ஆளைப் பார்க்காமல் கூட்டமாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஸொம்பி பிறந்தது ஹெயிட்டியில். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் செத்து விழுந்த மண். செத்த பிறகும் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குவான் என்பதுதான் அங்கத்தைய பயம். அந்த ஸொம்பி கடிக்கிறவன் இல்லை, சாவிலும் ஓய்வு கிடைக்காத கூலி. நாக்கில் உப்புப் பட்டால் நினைவு திரும்பி, தன் புதைகுழியைத் தேடிப் போய்விடுவானாம். அமெரிக்கா 1915 முதல் 1934 வரை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1932இல், 'வைட் ஸொம்பி' வந்தது. அதிலே சீனி ஆலைக் காட்சி ஒன்று: ஒருவன் அரைக்கும் இயந்திரத்துக்குள் விழுகிறான், மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கூலியைத்தான் சினிமா பிறகு எதிரியாக்கியது.

சதை தின்னும் கூட்டம் ஜோர்ஜ் ரொமேரோவின் 1968 படத்தோடு வந்தது. ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. இரவு முழுக்கத் தப்பிப் பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் வந்தவர்கள் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அதன்பின் வருவது அசையாப் படங்கள். கொக்கி போட்டு இழுக்கிறார்கள், விறகில் போடுகிறார்கள். அந்தப் படங்களை முள்ளிவாய்க்கால் தெரிந்த ஒருவரால் சும்மா பார்க்க முடியாது.

இன்னொன்று, அந்த நடை. மேடையில் பிள்ளைகள் முகத்தில் மாப் பூசி, ஒரு காலை இழுத்து, கையைத் தொங்கவிட்டு ஆடுவார்கள், சபை சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. மிதிவெடியில் கால் போனவர்கள் எங்கள் ஊர்களில் அப்படித்தான் சந்தைக்கு நடக்கிறார்கள். அவர்கள் நடையைப் பேய்க்குக் கொடுக்காதீர்கள்.

எழுந்து வரும் பிணம் எங்களுக்குப் புதிதும் இல்லை. கோவலன் கூத்து ஆடுகிற முல்லைத்தீவு இது. சிலப்பதிகாரத்தில் வெட்டுண்ட கோவலன் எழுந்து நின்று முதலில் செய்வது என்ன? முகம் வாடிவிட்டதே என்று கண்ணகியின் கண்ணீரைக் கையால் துடைக்கிறான். இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு இதைவிடப் பெரிய காட்சி எந்த ஸொம்பிப் படத்திலும் கிடைக்கவில்லை.

சரி, எடுங்கள். கதை எழுதும்போதே அந்த ஸொம்பியின் பெயர், ஊர், தொழில், தேடிக்கொண்டிருக்கும் தாய், எல்லாவற்றையும் எழுதுங்கள். நடை பழக்க இணையத்தைப் பார்க்காமல் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைக் கேளுங்கள். துவக்குப் பிடிக்கிற நாயகன் இல்லாமலே படம் ஓடும்.