பரிசல் ஜோக்குக்குச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் வட்டத்தின் ஏற்காட்டுக் கூட்டத்தில், காசா படகுகளைப் பற்றி நான் பேச எழுந்தபோது நடந்ததை மறுபடி விவரமாக எழுதப் போவதில்லை. வீடியோ எல்லார் கைக்கும் வந்துவிட்டது. குரூப்பில் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை போட்டவர்களை எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். அதில் நான்கு பேர் என் கடையில் மாதாமாதம் காபித்தூள் வாங்குகிறவர்கள். சிரிப்பு வந்தால் சிரிக்க வேண்டியதுதான், தப்பில்லை.

பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை கடைக்கு வந்த ஒரு தம்பி, "அக்கா, மேட்டூர்ல இருந்து பரிசல் எப்பக் கிளம்புது?" என்று கேட்டுவிட்டு, கால் கிலோ பீபெரி, சிக்கரி வேண்டாம் என்றான். அரைத்துக் கொடுத்தேன். மெஷினை நிறுத்திய பிறகும் காதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். நேரமில்லாதவர்கள் பொம்மை போட்டுவிட்டு நகரலாம்.

நான் கேட்டது ஐந்து நிமிடம். காசாவுக்கு நிவாரணப் பொருளோடு போன சுமூத் என்கிற படகு வரிசையை இஸ்ரேல் கடற்படை மறித்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது, அவர்களை விடச் சொல்லி நாலு வரி வாசிக்கிறேன், எழுந்து நின்று கேளுங்கள் என்றேன். அவ்வளவுதான். அண்ணன் மைக்கை வாங்கினார். "சுமூத்னு பேர் வெச்சும் ஸ்மூத்தா போகலையே" என்றார். முதல் வரிசை சிரித்தது. அந்தத் தெம்பில் அடுத்ததை எடுத்துவிட்டார்: "நாமளும் மேட்டூர்ல இருந்து ஒரு பரிசல் விடலாம். அம்மிணி துடுப்புப் போடட்டும். காபித்தூள் ஒரு மூட்டை ஏத்திக்கலாம்." அப்புறம் என்ன, சரவெடிதான்.

சுமூத் என்பது அரபுச் சொல். எவ்வளவு அடித்தாலும் நிலத்தை விட்டு அசையாமல் நிற்கிற விடாப்பிடிக்குப் பாலஸ்தீனத்தில் அந்தப் பெயர். மைக்கில் சொல்ல வாய்க்கவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜோக்குக்குள் ஒரு கேள்வி இருக்கிறது, அதை மதிக்கிறேன். இந்தப் படகுகள் எவ்வளவுதான் கொண்டு போய்விடும்? நாம் லாரிக்கார ஊர், நமக்குக் கணக்குத் தெரியும். 2023 போருக்கு முன்னால் காசாவுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 500 லாரி சரக்கு போனது. வைகுந்தம் சுங்கச்சாவடியில் 500 லாரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் வால் எங்கே இருக்கும் என்று சங்ககிரிக்காரர்கள் யாரையாவது கேளுங்கள். 2025 ஜூனில் புறப்பட்ட மேட்லீன் படகில் பன்னிரண்டு பேரும் கொஞ்சம் அரிசியும் குழந்தைகளுக்கான பால் பவுடரும் இருந்தன. ஒரு லாரிக்குக்கூடக் காணாது. இதைக் கண்டுபிடிக்க அண்ணன் வேண்டாம், படகில் ஏறியவர்களுக்கே தெரியும்.

அந்தப் படகில் இருக்கிற சாக்கு மூட்டை வெறும் சாக்குதான். கதவு வெளியில் இருந்து பூட்டியிருக்கிறது, சாவி இன்னார் கையில் இருக்கிறது என்று ஊரறியச் சொல்லத்தான் படகு போகிறது.

இஸ்ரேலின் முற்றுகை என்கிற அந்தப் பூட்டு நேற்றுப் போட்டதில்லை. 2007 ஜூனில் இருந்து தொங்குகிறது. உள்ளே இருபது லட்சத்துக்கும் மேல் ஜனம், மொத்த நீளமே 41 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நம் சேலம் டவுனில் இருந்து சங்ககிரி தூரம். 2010 வரைக்கும் எது உள்ளே போகலாம், எது கூடாது என்ற பட்டியலில் கொத்தமல்லி கூடாது என்று இருந்தது. பட்டைக்கு அனுமதி, கொத்தமல்லிக்கு இல்லை. மல்லி வறுக்காமல் குழம்பு வைக்கத் தெரியாத நாம் இதைக் கேட்டுக் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். 2008-ல் இஸ்ரேல் ராணுவ அதிகாரிகள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள், காசாவில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,279 கலோரி போதும் என்று. அந்தக் காகிதத்தைக் கோர்ட்டுக்குப் போய் 2012-ல் வெளியே எடுத்தது கீஷா என்கிற இஸ்ரேல் அமைப்புதான். அது வெறும் வரைவு, அமல்படுத்தவில்லை என்று அரசு சொன்னது. இருக்கட்டும். அடுத்தவன் வீட்டுச் சோற்றை நாம் எதற்கு அளக்கிறோம் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

"ஒரு படகாவது போய்ச் சேர்ந்ததா?" சேர்ந்தது. 2008 ஆகஸ்ட் 23, சைப்ரஸில் இருந்து கிளம்பிய இரண்டு சின்னப் படகுகள் காசா துறைமுகத்தைத் தொட்டன. கரையில் ஆயிரக்கணக்கில் ஜனம். அந்த வருஷக் கடைசி வரை இன்னும் சில தடவை போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் விடவே இல்லை. 2010 மே 31-ல் மாவி மர்மரா கப்பலில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். காயம்பட்ட பத்தாவது ஆள் நான்கு வருஷம் கோமாவில் கிடந்து செத்தார். செல்ஃபி எடுக்கப் போகிறார்கள் என்கிறீர்களே, முன்னால் போனவர்கள் பிணமாக வந்ததைத் தெரிந்துகொண்டுதான் அடுத்தவர்கள் ஏறுகிறார்கள். 2003-ல் காசாவின் ராஃபாவில் வீட்டை இடிக்க வந்த புல்டோசர் முன்னால் நின்று செத்துப்போன அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரிக்கு வயது 23. அதையும் செல்ஃபி கணக்கில் எழுதிவிடலாமா?

இந்தத் தடவை நாற்பதுக்கும் மேல் படகு, நாற்பதுக்கும் மேல் நாட்டு ஆட்கள். ஆயுத பூஜை ராத்திரி. கடையில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பிரித்துக் கொடுத்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படகிலும் ஒரு கேமரா, திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் உயிர்காக்கும் சட்டை போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு என் மாமியார் வயசு இருக்கும், நரைத்த தலை. யாரோ சொல்ல, எல்லாரும் போனைக் கடலில் வீசினார்கள். அப்புறம் அந்தக் கட்டம் கறுப்பாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டம். அண்ணனுடைய ஜோக்குக்கு நான் ஏன் சிரிக்கவில்லை என்றால், நான் இதைப் பார்த்திருந்தேன்.

இப்போது என்னுடைய கதை ஒன்று. சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் கீழே தள்ளிப் போகலாம்.

எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்கா தாரமங்கலம் பக்கம் முகாமில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், 1996-ல் படகேறி வந்தவர். அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி நாலு வருஷமாகிறது. அவருடைய தையல் மெஷின் பக்கத்தில் ஜன்னல் விளிம்பில் எப்போதும் நாலைந்து செத்த பேட்டரி வெயிலில் காயும். ஒரு நாள், "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன். போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பேட்டரிக்குத் தடை, சோப்புக்குத் தடை, பெட்ரோலுக்குத் தடை என்றார். துணி துவைக்கப் பனங்காய், வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலில் விரல் அளவு மண்ணெண்ணெய், ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றுவது. இங்கே வந்து 29 வருஷம் ஆகியும் பேட்டரியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை அவருக்கு.

1987-ல் அவருக்குப் பதினொரு வயசு. அந்த ஜூன் 3-ஆம் தேதி இந்தியா ராமேஸ்வரத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருட்களோடு 19 மீன்பிடிப் படகுகளை அனுப்பியது. ஆமாம், படகுகளைத்தான். செஞ்சிலுவைக் கொடியோடு. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் விமானத்தில் போய்ச் சுமார் 25 டன் மூட்டைகளைப் போட்டார்கள். ஆபரேஷன் பூமாலை. (அதற்கப்புறம் நடந்தது வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை.) 25 டன் யாழ்ப்பாணம் முழுக்க எத்தனை வேளைக்கு வரும்? அக்கா சொன்னது அப்படியே:

"முதல்ல நாங்கள் பங்கருக்குள்ள ஓடினனாங்கள். பிளேன் எண்டா குண்டு எண்டுதானே தெரியும். பிறகுதான் பெரியாக்கள் சொல்லிச்சினம், சாமான் போடுறாங்கள் எண்டு. எங்கட பக்கம் ஒண்டும் விழேல்லை. ஒரு பிடி அரிசி கூடக் கிடைக்கேல்லை. ஆனா அண்டைக்கு அம்மா விளக்கைக் கொளுத்திப்போட்டு, எங்களை ஆரோ நினைச்சிருக்கினம் எண்டு சொல்லி அழுதவ."

ஒரு பிடி அரிசி கிடைக்கவில்லை. விளக்கு ஏற்றினார்கள். மூட்டை சாக்குதான் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று இப்போதாவது விளங்குகிறதா?

இனி வழக்கமான கேள்விகள். இன்றைக்குத் தேதி 2025 அக்டோபர் 7. "இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் நடந்தது தெரியாதா?" தெரியும். ஹமாஸ் ஆட்கள் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைத் தூக்கிப் போனார்கள். கொடுமைதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அதற்கப்புறம் காசா சுகாதார அமைச்சகக் கணக்கில் செத்தவர்கள் 67 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வருஷம் மார்ச் 2-ல் இருந்து பதினொரு வாரம் ஒரு லாரிகூட உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து செய்யும் மதிப்பீட்டில் காசா நகரில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். கொன்றவன் ஒருத்தன், பட்டினி கிடக்கிறது எவனுடைய குழந்தையோ.

"உள்ளூர்ப் பிரச்சினைக்கு வாயைத் திறந்தாயா?" இதைக் கேட்டவர் யார் என்று பார்த்துச் சிரித்துவிட்டேன். 2018-ல் சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கு நம் ஊர்க் காட்டிலும் தோப்பிலும் கல் நட்டபோது எங்கே இருந்தீர்கள் ஐயா? 277 கிலோமீட்டர் சாலை. நெல்லும் தென்னையும் போகப் போகிறது என்று பெண்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். அப்போது சென்னையில் இருந்தும் எங்கெங்கோ இருந்தும் பையன்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள். "வெளியூர்க்காரனுக்கு இங்க என்ன வேலை?" என்று அன்றைக்குக் கேட்டவரும் நீங்கள்தான். உள்ளூரில் நடந்தால் வெளியாள் வரக்கூடாது, வெளியூரில் நடந்தால் நாம் போகக்கூடாது. ஆக மொத்தம் யாரும் எங்கேயும் எதையும் கேட்கக்கூடாது, காபி மட்டும் குடிக்கலாம்.

"எழுந்து நின்றால் என்ன ஆகிவிடும்?" ஒன்றும் ஆகாது. ஏற்காட்டில் முப்பது பேர் எழுந்து நின்றால் எந்தக் கப்பலும் நகராது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் படகுகளுக்காக இத்தாலியில் 3-ஆம் தேதி பொது வேலைநிறுத்தமே செய்தார்கள், ரயில் நின்றது. நான் ரயிலையா நிறுத்தச் சொன்னேன்? நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னேன்.

இதெல்லாம் வாதம். எனக்கு வலித்தது வாதத்தால் இல்லை.

2009-ல் இலங்கைப் போரில் சிக்கிய தமிழர்களுக்காக அண்ணனும் நானும் பழைய பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கினோம். எனக்குக் கல்யாணமான புதிது, வீட்டில் ஏச்சு. அப்போது ஐரோப்பாவில் இருக்கிற தமிழர்கள் காசு சேர்த்து வணங்காமண் என்று ஒரு கப்பலை அனுப்பினார்கள், 880 டன்னுக்கு மேல் சோறும் மருந்தும். அது வந்து சேரும்போது போரே முடிந்துவிட்டது. ஜூனில் இலங்கைக் கடற்படை பிடித்துத் திருப்பி விட்டது. கப்பல் சென்னைக்கு வெளியே கடலில் நின்றது. சாமானை வேறு கப்பலில் மாற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தது. திருப்பி அனுப்பிய சேதி வந்த அன்றைக்கு அண்ணன் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உண்டியலை மடியில் வைத்துக்கொண்டு, "உலகத்துல ஒருத்தன்கூடவா கேக்க மாட்டான்" என்று தேம்பினார். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அவர் தொடவில்லை.

கேட்கிறவன் இப்போது படகில் போனான் அண்ணா. நீங்கள் ஜோக் அடித்தீர்கள்.

பதினாறு வருஷப் பழக்கம், பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, அம்மிணி. நாலு வரி வாசிக்க வந்தவளைக் காபித்தூள் மூட்டையோடு பரிசலில் ஏற்றிவிட்டீர்கள். கூட்டம் முடிந்து அந்தக் காபியைத்தான் எல்லாரும் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தீர்கள், மலை மேல் குளிர் வேறு. பில் போடவில்லை, எப்போதும் போட்டதில்லை. சொல்லிக் காட்டுகிறாள் என்பீர்கள். ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா ரவிக்கை கொடுக்கக் கடைக்கு வந்தார். வீடியோவை அவரும் பார்த்துவிட்டார், யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஜோக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்த ஆக்களை விட்டுட்டினமோ?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் பேரைக் கிரீசுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள், மிச்சப் பேர் இன்னும் உள்ளே என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வட்டத்தின் கணக்கு நோட்டும் மீதி 1,340 ரூபாயும் கடையில் என் கல்லாவில் இருக்கிறது. இனிமேல் பொருளாளர் வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். அண்ணனே வந்தாலும் சரிதான், காபி உண்டு.